வயிற்றில் நீர் சேர்ந்தால் குடிதான் காரணமா? கல்லீரலின் அடைபட்ட 'மதகை'க் காட்டும் டாப்ளர் ஸ்கேன்! | ரிப்போர்ட்டைப் படிப்போம்

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு ஒருவர் நடந்துபோனால், எங்கள் கரிக்கலாம்பாக்கம் பக்கம் டீக்கடையிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆணாக இருந்தால், "குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டாரு." பெண்ணாக இருந்தால், "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்." சாராயக்கடையும் பிராந்திக்கடையும் இருக்கிற புதுச்சேரி கிராமங்களில் முதல் தீர்ப்பு பல நேரங்களில் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே, குடியே தெரியாத ஒருவருக்கு வயிறு வீங்கும்போதும், வேறு காரணம் இருக்கலாம் என்ற எண்ணம் சட்டென்று வருவதில்லை.

அப்படித் தவறிப்போகும் காரணங்களில் ஒன்றைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். கல்லீரலுக்குள் போன ரத்தம் வெளியே வர முடியாமல் தேங்கிவிடும் நோய் அது. மருத்துவத்தில் 'பட்-கியாரி சிண்ட்ரோம்' என்று பெயர். அரிதான நோய்தான். ஆனால், காலத்தில் கண்டுபிடித்தால் கல்லீரலைக் காப்பாற்றிவிட முடிகிற நோய். அதைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே அதே அல்ட்ராசவுண்ட் மிஷின்தான். என்ன தேட வேண்டும் என்பதை மட்டும் ஸ்கேன் எடுப்பவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பாகூர் ஏரியும் கல்லீரலும்

பாகூர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் சுலபமாகப் புரியும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் ஏரிக்கு வருகிறது. மதகுகள் வழியாக வயல்களுக்குப் போகிறது. வரத்து நிற்காமல் இருக்கும்போது மதகுகள் எல்லாம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறும். கரை ஊறும். கசிய ஆரம்பிக்கும்.

கல்லீரலுக்கும் இப்படி இரண்டு வாய்க்கால்கள் உண்டு. குடலிலிருந்து சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஒன்று. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. மீதி கால் பங்கைக் கல்லீரல் தமனி கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இது.

இவ்வளவு ரத்தமும் வெளியேறுவதற்கு இருக்கும் மதகுகள் மூன்று. வலது, நடு, இடது கல்லீரல் சிரைகள். மூன்றும் உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே, 'கீழ்ப்பெருஞ்சிரை' என்ற பெரிய குழாயில் போய்ச் சேர்கின்றன. கால், இடுப்பு, வயிறு என உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை எல்லாம் இதயத்துக்கு ஏற்றிச் செல்வது இந்தப் பெருஞ்சிரைதான்.

மூன்று மதகுகளில் ஒன்று மட்டும் அடைத்தால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். இரண்டோ மூன்றோ அடைத்தால், அல்லது அவை போய்ச் சேரும் பெருஞ்சிரையே அடைத்தால்தான் பிரச்னை வெடிக்கிறது. ரத்தம் தேங்கிக் கல்லீரல் வீங்குகிறது. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது. அழுத்தம் தாங்காமல் திரவம் கசிந்து வயிற்றில் சேர்கிறது. வயிற்று வலி, பெருத்த கல்லீரல், வயிற்றில் நீர் ஆகிய மூன்றும்தான் இந்த நோய்க்குப் பாடப்புத்தகம் சொல்லும் அடையாளங்கள். ஆனால், மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை.

பிணவறையில் கண்ட நோய்

நோயின் பெயரில் இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். 1845-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் பட், கல்லீரல் நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டார். 1899-ல் ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் நிபுணர் விரிவாக எழுதினார். கியாரியின் வேலை, இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்துக் காரணம் தேடுவது. அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'மரணத்துக்குக் காரணமாக' என்ற சொற்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்த அடைப்பை உறுதிசெய்ய, நோயாளி இறந்துபோக வேண்டியிருந்தது.

கியாரி அப்போது வேலை பார்த்த ஊர் பிராக். அதே பிராக் நகரத்தில்தான் 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற இயற்பியலாளர், இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்திருந்தார். நம்மை நோக்கி வரும் பொருளிலிருந்து கிளம்பும் அலை நெருக்கமாகவும், விலகிப்போகும் பொருளின் அலை தளர்ந்தும் வந்து சேரும் என்பது அவருடைய கணக்கு. ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போனதும் சைரன் சத்தம் கம்மிப்போகிறதே, அதே கணக்குதான். கியாரி பிணவறையில் தேடிய அடைப்பை, இன்று உயிரோடு இருப்பவரின் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்க முடிவதற்கு அதே ஊர்க்காரர் சொன்ன விதிதான் அடிப்படை.

ஏன் தவறிப்போகிறது?

மேற்கத்திய நாடுகளின் கணக்குப்படி, இந்த நோய் புதிதாக வருவது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதற்கும் சுமார் 12.5 லட்சம் பேர். அதே விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். ஆக, ஒரு கிராமத்து மருத்துவர் தன் மொத்த சர்வீஸிலும் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமலேயே ஓய்வுபெற்றுவிடலாம். வயிற்றில் நீரோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடியோ, மஞ்சள் காமாலைக் கிருமியோ, கொழுப்புக் கல்லீரலோ, காசநோயோதான் காரணமாக இருக்கும். எது அடிக்கடி வருமோ அதைத்தானே மனம் முதலில் நினைக்கும்?

இந்தியாவிலும் இந்த நோய் பற்றிய பதிவுகள் பழையவை. 1972-லேயே சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள், கல்லீரலை ஒட்டிய பெருஞ்சிரைப் பகுதி அடைபட்டு நோய் நாள்பட்டுப்போனவர்களைப் பற்றி எழுதினார்கள். நம் நாட்டில் அந்த வகைதான் அதிகம் என்று பல காலம் கருதப்பட்டது. 2008-ல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் நோயின் முகம் மாறிவருகிறது என்றது. பெருஞ்சிரை அடைப்பைவிடக் கல்லீரல் சிரைகளின் அடைப்பே இப்போது அதிகமாகத் தென்படுகிறது என்பது அதன் சாரம்.

எப்போது சந்தேகம் வர வேண்டும்?

ஒரு 28 வயதுப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பிரசவமாகி இரண்டு மாதம். வயிறு குறையவில்லை, மாறாக நாளுக்கு நாள் பெருக்கிறது. சாப்பிட்டதும் மூச்சு முட்டுகிறது. வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்ததுபோல வலி. மாமியார் காயம் இடித்துக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா 'வாயு' என்கிறார். கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

இவர் விஷயத்தில் மூன்று குறிப்புகளை ஒரு மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். ஒன்று, இளம் வயது. இரண்டு, குடிப்பழக்கமோ பழைய கல்லீரல் நோயோ இல்லை. மூன்றாவது, பிரசவம். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கும் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சிலருக்கு அதுவே சிரைகளில் கட்டியாக உறைந்துவிடுகிறது.

இன்னொரு குறிப்பும் உண்டு. பெருஞ்சிரை அடைபட்டவர்களுக்கு, வயிற்றின் பக்கவாட்டிலும் முதுகிலும் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்துத் தெரியும். நாம் நரம்பு என்று சொன்னாலும் அவை சிரைகள்தான். மூடிய பெருவழியை விட்டு, ரத்தம் சந்து பொந்து வழியாக இதயத்துக்கு ஏறுகிறது. கூடவே இரண்டு கால்களும் வீங்கி, கணுக்கால் தோல் கறுத்திருக்கலாம். சட்டையைக் கழற்றி முதுகையும் பார்க்கும் மருத்துவர் இதை ஸ்கேனுக்கு முன்பே சந்தேகித்துவிடுவார்.

சிலருக்கு நோய் சில நாள்களிலேயே முற்றி, மஞ்சள் காமாலையும் மயக்கமும் வந்துவிடும். பலருக்கு மாதக்கணக்கில் மெதுவாக வளரும். தப்பான பெயரோடு நாள்கள் ஓடுவது இந்த இரண்டாவது வகையில்தான். தேக்கம் நீடிக்க நீடிக்கக் கல்லீரல் செல்கள் செத்து, தழும்பு விழுந்து, கடைசியில் குடியால் சுருங்கிய கல்லீரல் போலவே ஆகிவிடும்.

டாப்ளர் எதைப் பார்க்கிறது?

சாதாரண அல்ட்ராசவுண்ட், ஏரியைக் கரையில் நின்று பார்ப்பதுபோல. தண்ணீர் இருக்கிறது, மதகு இருக்கிறது என்பது தெரியும். மதகு வழியாகத் தண்ணீர் ஓடுகிறதா, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைச் சொல்வது டாப்ளர். பெரும்பாலும் அதே மிஷினில், அதே டேபிளில், சில பட்டன்களை மாற்றிப் பார்ப்பதுதான். கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான அமைப்பில், வயிற்றின் மேல் வைத்திருக்கும் கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப்போகும் ரத்தம் நீலம். நிறம் சொல்வது திசையை மட்டும்தான்.

ரேடியாலஜிஸ்ட் வரிசையாகப் பார்ப்பவை இவை. மூன்று கல்லீரல் சிரைகளும் கண்ணுக்குத் தெரிகின்றனவா? உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா? சிரை சுருங்கி நூலாகிவிட்டதா? ரத்தம் பெருஞ்சிரையை நோக்கித்தான் போகிறதா, அல்லது திரும்பி ஓடுகிறதா? கல்லீரல் சிரைகள் இதயத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் அவற்றின் வரைபடம் மேலும் கீழுமாக அலையடிக்கும். அந்த அலை மறைந்து கோடு தட்டையாகிவிட்டால் சந்தேகம் வலுக்கும். ஓட்டமே இல்லையென்றால் இன்னும் வலுக்கும்.

அடுத்து, குறுக்குப் பாதைகள். மதகு அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் அரித்துக்கொண்டு வழி தேடும் இல்லையா? கல்லீரலுக்குள்ளும் ரத்தம் அப்படி வளைந்து நெளிந்த புதுக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். கால்புள்ளி வடிவத்தில் வளைந்த சிறு குழாய்களைத் திரையில் பார்த்தால், அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் உஷாராகிவிடுவார்.

மூன்றாவது, காடேட் மடல். கல்லீரலின் பின்பக்கம் இருக்கும் சிறு பகுதி இது. மூன்று பெரிய மதகுகளையும் நம்பாமல், தனக்கென்று இருக்கும் சின்னச் சின்ன மடைகள் வழியாக நேரடியாகப் பெருஞ்சிரையில் ரத்தத்தை விடுகிறது. அதனால், மற்ற பகுதிகள் தேக்கத்தில் தவிக்கும்போது இது மட்டும் தப்பித்து, எல்லோருக்குமாகச் சேர்த்து வேலை செய்து பெருத்துவிடும். காடேட் மடல் பெருத்திருக்கிறது, அதன் சிரை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால், அது கவனிக்க வேண்டிய வரி.

டாப்ளரும் ஏமாறும்

இந்த ஸ்கேன், எடுப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. உடல் பருமனும் குடலில் நிறைந்த வாயுவும் மறைக்கும். நாள்பட்டுச் சுருங்கிய கல்லீரலில், அடைப்பே இல்லாவிட்டாலும் சிரைகள் நசுங்கி, அலை தட்டையாகத் தெரியலாம். குடியால் கெட்ட கல்லீரலும் அடைப்பால் கெட்ட கல்லீரலும் திரையில் ஒன்றுபோலத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு வேஷதாரி இதயம். இதயம் பலவீனமானாலோ, காசநோய் போன்ற காரணங்களால் இதய உறை தடித்து இறுகிவிட்டாலோ, கல்லீரலில் ரத்தம் தேங்கி வயிற்றில் நீர் சேரும். அறிகுறிகள் அப்படியே பட்-கியாரி போலவே இருக்கும். ஸ்கேனில் வித்தியாசம் தெரியும். இதயக் கோளாறில் கல்லீரல் சிரைகளும் பெருஞ்சிரையும் விரிந்து கொழுத்திருக்கும். பட்-கியாரியில் கல்லீரல் சிரைகள் சுருங்கியோ, அடைத்தோ, காணாமலோ இருக்கும். அதனால்தான் வயிற்று வீக்கத்துக்கு வந்தவரிடம் டாக்டர் எக்கோவும் எடுக்கச் சொல்கிறார். 'வயிறு வீங்குனதுக்கு நெஞ்சுல எதுக்கு ஸ்கேன்?' என்று கேட்டுத் தவிர்த்துவிடாதீர்கள்.

வயிற்று நீரைக் கொஞ்சம் ஊசியில் எடுத்துப் பரிசோதிப்பதும் இந்த வரிசையில் வரும். கல்லீரல் அழுத்தத்தால் கசிந்த நீரா, காசநோய், புற்றுநோய் போன்றவற்றால் வந்த நீரா என்று பிரித்துக் காட்ட அது உதவுகிறது.

சி.டி. ஸ்கேனா, எம்.ஆர்.ஐ-யா?

டாப்ளரில் சந்தேகம் தீரவில்லை என்றாலோ, சிகிச்சைக்குத் திட்டமிட வேண்டும் என்றாலோ அடுத்த படி இது.

சி.டி. ஸ்கேனில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி, அது கல்லீரலுக்குள் எப்படிப் பரவுகிறது என்று அடுத்தடுத்த கட்டங்களில் படம் எடுப்பார்கள். நல்ல கல்லீரலில் மருந்து சீராகப் பரவும். ரத்தம் தேங்கிய கல்லீரலில் முதலில் காடேட் மடலும் நடுப்பகுதியும் பளிச்சென்று தெரிய, ஓரங்கள் மங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்த படத்தில் நிலைமை தலைகீழாக மாறி, ஓரங்கள் பளிச்சிடும். ஜாதிக்காயை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி திட்டுத் திட்டாக இருப்பதால் மருத்துவர்கள் இதை 'ஜாதிக்காய்க் கல்லீரல்' என்றே சொல்வார்கள். இதயக் கோளாறிலும் இந்தத் தோற்றம் வரும். அதனால், இதை வைத்து மட்டும் முடிவு கட்டுவதில்லை.

எம்.ஆர்.ஐ-யில் கதிர்வீச்சு இல்லை. சிரைகளும் கட்டியும் தெளிவாகத் தெரியும். நாள்பட்ட நோயில் கல்லீரலுக்குள் சிறு சிறு உருண்டைகள் முளைப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் முயற்சியில் வருபவை. சில புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகக் கருவிகளோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். பழைய அலர்ஜி, சர்க்கரை மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போதே சிகிச்சை

இந்த நோயில் கடைசி வார்த்தை சொல்லும் பரிசோதனை வெனோகிராம். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரை வரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். அடைபட்ட சிரையைச் சுற்றி முளைத்த குறுக்குப் பாதைகள் சிலந்தி வலை போலத் தெரியும். அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு என்றும் அளக்கலாம். இப்போதெல்லாம் நோயை உறுதிசெய்ய மட்டும் இதைச் செய்வது குறைவு. சிகிச்சைக்கான தயாரிப்போடுதான் உள்ளே போகிறார்கள்.

அடைப்பு சிறியதாக இருந்தால் பலூனை ஊதி விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். இதய அடைப்புக்குச் செய்வதுபோலத்தான். சிரை முழுதும் போய்விட்டால், போர்ட்டல் சிரையையும் பெருஞ்சிரைப் பக்கத்தையும் இணைத்துக் கல்லீரலுக்குள்ளேயே ஒரு புது வழி போடுவார்கள். 'டிப்ஸ்' என்று இதைச் சொல்கிறார்கள். ஏரிக்குப் புதுக் கலிங்கல் கட்டுவது மாதிரி. இந்தச் சிகிச்சை வெளிநாட்டில் மட்டும் இல்லை, வேலூர் சி.எம்.சி. போன்ற நம் பக்கத்து மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. எதற்கும் மசியாத நிலையில்தான் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. பெரும்பாலானவர்கள் அதை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்துக்கொள்வார்கள். குறைந்தால் அடைப்பு, கூடினால் ரத்தக்கசிவு. ஸ்டென்ட் வைத்தவர்கள், அது திறந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி மறுபடி டாப்ளருக்கு வர வேண்டும்.

பலன் இருக்கிறதா? 2003 முதல் 2005 வரை ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 163 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். இப்படிப் படிப்படியாகச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு 87 சதவிகிதம் பேரும், இரண்டாண்டுக்குப் பிறகு 82 சதவிகிதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். கியாரி 'மரணத்துக்குக் காரணம்' என்று தலைப்பிட்ட நோய் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரத்தம் ஏன் உறைந்தது?

அடைப்பைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. அதே ஐரோப்பிய ஆய்வில் 84 சதவிகிதம் பேருக்கு ரத்தம் உறைவதைத் தூண்டும் ஏதாவது ஒரு காரணமாவது இருந்தது. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் கோளாறு அவற்றில் முக்கியமானது. 2005-ல் கண்டறியப்பட்ட 'ஜேக் 2' மரபணு மாற்றத்தை ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது இதற்காகத்தான். பிறவியிலேயே ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருப்பது, ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை, கர்ப்பம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் சகஜம்.

மாத்திரை சாப்பிடும் பெண்கள் பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் பிரச்னையில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால், வயிற்று வீக்கத்துக்காக மருத்துவரிடம் போகும்போது, மாதவிடாயைத் தள்ளிப்போட எடுத்த மாத்திரை உட்பட எதையும் சொல்லாமல் விடாதீர்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று கூச்சமாக இருந்தால், "டாக்டர், தனியா ஒரு விஷயம் பேசணும்" என்று கேளுங்கள். தவறே இல்லை.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்கலாம்?

கையில் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால், கல்லீரல் பற்றிய பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலின் அளவு, போர்ட்டல் சிரையின் அளவு எல்லாம் எழுதியிருக்கும். கல்லீரல் சிரைகளைப் பற்றியும் கீழ்ப்பெருஞ்சிரையைப் பற்றியும் தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதற வேண்டியதில்லை. பித்தப்பைக் கல்லுக்காகவோ சிறுநீரகக் கல்லுக்காகவோ எடுத்த ஸ்கேனில் அது தேவைப்பட்டிருக்காது. ஆனால், காரணம் தெரியாமல் வயிற்றில் நீர் சேர்ந்திருப்பவரின் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால், மருத்துவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், ஈரல்ல இருந்து ரத்தம் வெளியே போற குழாய் நல்லா இருக்கான்னு டாப்ளர்ல பார்க்கணுமா?"

ஸ்கேன் சீட்டில் எழுதுவதும் முக்கியம். வெறுமனே 'வயிற்று ஸ்கேன்' என்று எழுதிய சீட்டோடு போனால், நீண்ட வரிசைக்கு நடுவே எடுப்பவர் பொதுவாகத்தான் பார்ப்பார். 'வயிற்றில் நீர், பிரசவமாகி இரண்டு மாதம், கல்லீரல் சிரைகளுக்கு டாப்ளர்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அவர் தேடும் இடமே மாறிவிடும்.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து கிளம்பும்போது

எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதல் படி, ஊரிலேயே இருக்கும் சமுதாய நலவழி மையம். நேராகக் கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ் ஏறுவதைவிட, இங்கே மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடு போவது நல்லது. ஜிப்மரில் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதும் அதில் தெளிவாகிவிடும்.

* பழைய ஸ்கேன் ரிப்போர்ட் மட்டுமல்ல, ஃபிலிம், சி.டி. எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஆறு மாதம் முன்பு திறந்திருந்த சிரை இப்போது மூடியிருந்தால், பழைய படம்தான் அதைச் சொல்லும்.

* வயிற்று ஸ்கேனுக்குப் பொதுவாக ஆறு மணி நேரம் வெறும் வயிறு தேவை. எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை என்ன செய்வது என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

* பிரசவம், கருச்சிதைவு, கருத்தடை மாத்திரை, காலில் ரத்தக்கட்டி, குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் பக்கவாதம் அல்லது ரத்தக்கட்டி... எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* குடிப்பழக்கம் இருந்தால் அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால், "ஒரு சொட்டுகூடக் கிடையாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுமே நோயைக் கண்டுபிடிக்க உதவும் தகவல்கள். அதேபோல, குடிப்பவருக்கும் இந்த அடைப்பு வரலாம். குடிக்கிறார் என்பதற்காக டாப்ளர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

* ஆயுஷ்மான் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள்.

* காமாலைக்குக் கொடுக்கும் நாட்டு மருந்து, லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். தேக்கத்தில் இருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

* ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, பேச்சுக் குழறுவது, தூங்கி விழுவது, காய்ச்சலோடு வயிற்று வலி, சிறுநீர் குறைவது... இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

வயிறு வீங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருக்காது. நூறு பேரை டாப்ளரில் பார்த்தால், அநேகமாக நூறு பேருக்கும் வேறு காரணம்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டிலோ தெருவிலோ, குடிக்காத இளம் வயதுக்காரர் ஒருவருக்கு வயிற்றில் நீர் சேர்ந்திருந்தால், டீக்கடைத் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

அடுத்த வாரம்: தைராய்டு ஸ்கேனில் 'கட்டி' என்று வந்தால் பயப்பட வேண்டுமா? ரிப்போர்ட்டைப் படிப்போம்.